கொல்லிமலை ஏறிய வேதபாடம்

நரம்புச்சிலந்தியை ஒரே இழுப்பில் எடுத்துவிட முடியாது. காலில் ஒரு கொப்புளம் கிளம்பி, எரிச்சலெடுத்து உடையும். அந்தப் புண்ணில் வெள்ளை நூலின் நுனி மாதிரி ஒன்று எட்டிப் பார்க்கும். அதைச் சின்னக் குச்சியில் பிடித்துச் சுற்ற வேண்டும். இன்றைக்கு ஒரு சுற்று, நாளைக்கு ஒரு சுற்று. பொறுமை தப்பி இழுத்தால் புழு அறுந்து உள்ளே போய்விடும், கால் சீழ் கட்டும். இரண்டடி மூன்றடி நீளமுள்ள புழு முழுசாக வெளியே வர வாரக்கணக்காகும். 1913-க்குப் பிறகு கொல்லிமலையில் குச்சியும் கையுமாக உட்கார்ந்து இந்த வேலையைச் செய்தவர் ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேயர். அவர் வந்தது இதற்கல்ல. வேதபாடம் சொல்ல வந்தவர்.

இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்டில் பிறந்து கட்டட வேலை கற்றவர் அவர். லண்டன் லிவிங்ஸ்டன் கல்லூரியில் மிஷனரிகளுக்கென்று நடந்த ஓராண்டு வைத்தியப் பயிற்சியை முடித்துவிட்டு, 1907-ல் ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் சார்பில் இந்தியா வந்தார். 1861-ல் லண்டனில் தொடங்கிய சிறிய மிஷன் அது. ‘ஸ்ட்ரிக்ட்’ என்பது குணத்தைச் சொல்வதல்ல, கொள்கையைச் சொல்வது. வளர்ந்து, தானே விசுவாசித்து, முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவருக்கு மட்டுமே திருவிருந்து என்பது அவர்கள் கட்டுப்பாடு. குழந்தைக்கு நெற்றியில் தண்ணீர் தெளித்துப் பெயர் எழுதிக்கொள்ளும் வழி அவர்களிடம் கிடையாது. ஆகவே எல்லாப் பாரமும் பாடத்தின்மேல் விழுந்தது. கேட்டவருக்குப் புரிய வேண்டும், புரிந்தவர் தாமாக வர வேண்டும். வராவிட்டால் காத்திருக்கத்தான் வேண்டும்.

கடல் கடந்து வந்து வேதபாடம் சொல்வது என்ற காரியத்தைச் சேலம், நாமக்கல் சமவெளியிலும் அதன் மலைகளிலும் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. வந்தவர் பெயர் ஏட்டில் இருக்கிறது. பாடத்தைக் கடைசி மைல் தூக்கிச் சென்றவர் வேறு ஆள். அவர் பெயர் பெரும்பாலும் இல்லை.

இதற்கு நானூறு ஆண்டு வரலாறு உண்டு. இத்தாலியச் சேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி 1606-ல் மதுரைக்கு வந்தார். காவி உடுத்தினார், மரக்கறி உண்டார், தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்டார். 1623-ல் மதுரையை விட்டு வடக்கே கிளம்பியபோது அவர் வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று சேந்தமங்கலம். அங்கே ஆண்ட ராமச்சந்திர நாயக்கர் அவரை மதித்து வரவேற்றார். அடுத்து சேலம், பிறகு மோரமங்கலம். ஆக, லாரி பாடிக்கும் முட்டைக்கும் பேர் போன இந்தச் சீமையில் ஐரோப்பியர் ஒருவர் வேதம் சொன்னது, தரங்கம்பாடியில் புராட்டஸ்டண்ட் மிஷனரி சீகன்பால்கு கப்பலிலிருந்து இறங்குவதற்கு எண்பத்து மூன்று ஆண்டு முன்னால். தென்கோடித் திருநெல்வேலியையும் கடற்கரையையும் வைத்தே தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றை எழுதிப் பழகியவர்கள் இந்த உள்நாட்டு வழியைச் சட்டென்று தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நொபிலி விட்டுச் சென்றவற்றில் முக்கியமானது சொற்கள். கத்தோலிக்கப் பிள்ளைகள் வெகுகாலம் ஞாயிற்றுக்கிழமை போய்ப் படித்தது ‘ஞானோபதேசம்’. அவர் எழுதிய பெருநூலின் பெயர் ‘ஞானோபதேச காண்டம்’. இன்று ‘மறைக்கல்வி’ என்று சொல்லக் கற்றுக்கொண்டாலும், பாட்டிமார் வாயில் இன்னமும் ஞானோபதேசம்தான். புராட்டஸ்டண்டுகள் ‘ஓய்வுநாள் பள்ளி’ என்றார்கள். நடைமுறையில் சண்டே ஸ்கூல். கடவுளுக்கு வைத்த பெயரைப் பார்த்தால் தகராறு இன்னும் நன்றாகத் தெரியும். முதலில் சருவேசுரன். பதினெட்டாம் நூற்றாண்டில் வேதத்தை மொழிபெயர்த்த பப்ரிசியுஸ் பராபரன் என்றார். 1871-ல் வந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு தேவன் என்றது. 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் கடவுள் என்கிறது. ஒரே ஊரில் தாத்தா ஒரு பெயர் சொல்லி ஜெபிக்க, பேரன் வேறு பெயர் சொல்லி ஜெபிக்க வேண்டிய நிலை. பாடம் சொல்ல வந்தவர்களுக்கு முதல் வரியிலேயே இடறல் என்றால் மிகையில்லை.

சேலம் நகரத்துக்கு லண்டன் மிஷன் வந்தது 1827-ல். ஹென்றி கிறிஸ்ப் என்பவர் முதலில் வந்தார். 1840-ல் வந்த ஜெர்மானியர் லெக்லர் 1861-ல் இறக்கும்வரை சேலத்திலேயே இருந்தார். பாடம் சொல்வதோடு தச்சு, கொல்லு என்று கைத்தொழில் பள்ளியும் நடத்தினார். வேதம் ஏற்றவனைச் சாதி தள்ளிவைத்தால் அவன் பிழைப்புக்கு வழி வேண்டுமே என்ற கணக்கு அது. இந்தக் கணக்கைப் பழிப்பவர்கள் உண்டு. சோறு காட்டி மதம் மாற்றுவது என்பார்கள். அப்படி நடந்த இடங்களும் உண்டுதான், மறைப்பதற்கில்லை. ஆனால் சேலம், நாமக்கல் பகுதியில் அந்தக் குற்றச்சாட்டு அவ்வளவாக எடுபடாது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 6.12 விழுக்காடு, கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏறத்தாழ 47 விழுக்காடு. சேலமும் நாமக்கல்லும் மாநிலச் சராசரிக்கே வெகு கீழே. இருநூறு ஆண்டு சளைக்காமல் பாடம் நடந்த இடத்தில் கேட்டவர்கள் பெரும்பாலும் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். இதைத் தோல்வி என்று மிஷன் எழுதும். கேட்டவன் தன் புத்தியால் முடிவெடுத்தான் என்று நான் எழுதுவேன்.

கேட்டவன் காதில் அந்தக் கதைகள் எப்படி விழுந்திருக்கும்? சில கதைகளுக்கு விளக்கமே தேவைப்பட்டிருக்காது. நூறு ஆட்டில் ஒன்று காணாமல் போனால் மேய்ப்பன் படும் பாட்டை மேச்சேரி ஆட்டுக்காரனுக்கு லண்டனிலிருந்து வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் யோவான் எழுதிய சுவிசேஷத்தில் மேய்ப்பன் முன்னே நடக்கிறான், ஆடுகள் பின்னே வருகின்றன. நம்மூரில் ஆட்டுக்காரன் தொரட்டியோடு பெரும்பாலும் பின்னால்தான் நடப்பான். முன்னால் நடந்தால் ஓரத்துச் சோளக்கொல்லை காலி. விதைக்கிறவன் கதையும் அப்படியே. மானாவாரிக் காட்டில் சாமையையோ சோளத்தையோ கைவிதையாக இறைப்பவனுக்குப் பாறையிலும் முள்ளிலும் விதை விழும் என்பது தெரிந்த சங்கதி. ஆனால் வழியோரத்தில் போய் எவனாவது விதையைக் கொட்டுவானா, அவ்வளவு ஊதாரியா என்றுதான் முதலில் தோன்றும். உபதேசியாருக்கு அங்கே ஒரு நிமிடம் வேலை இருந்தது.

பனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். விடிகாலைப் புல்லில் இருக்கும் பனி நமக்குத் தெரியும். ஊரையே மூடி வெளேரென்று கிடக்கும் உறைபனி சமவெளிக்காரன் காணாதது. பழைய தமிழ் வேதாகமம் அதை ‘உறைந்த மழை’ என்றது. நல்ல சொல். கண்ணால் காணாத ஒன்றை, கண்டதிலிருந்து படியேற்றிக் காட்டுகிற சொல். ஐரோப்பியப் பாதிரிமாருக்குப் பக்கத்தில் முன்ஷி என்ற பெயரில் ஒரு தமிழ்ப் புலவர் எப்போதும் உட்கார்ந்திருந்தார். இந்த மாதிரிச் சொற்களில் அவர் கைரேகை தெரிவதாகவே எனக்குப் படுகிறது.

இன்னொரு கதை பெரிய சிக்கல். எகிப்திலிருந்து வந்த மக்கள் பாலைவனத்தில் முறுமுறுத்தபோது அவர்களுக்குள் பாம்புகள் வந்து கடித்ததாகவும், மோசே வெண்கலத்தில் பாம்பு செய்து கம்பத்தில் ஏற்ற, அதைப் பார்த்தவர்கள் பிழைத்ததாகவும் எண்ணாகமம் சொல்கிறது. தமிழ் வேதாகமத்தில் அவை ‘கொள்ளிவாய்ச் சர்ப்பங்கள்’. அரசமரத்தடியில் நாகக்கல்லுக்கு மஞ்சள் பூசிப் பால் ஊற்றும் ஊரில் போய், எங்கள் தேவன் பாம்பைப் பார்க்கச் சொல்லிக் குணமாக்கினார் என்றால் கேட்டவர் தலையாட்டுவார்: எங்கள் சாமியும் அப்படித்தான். அதற்குமேல் பாடம் நகராது. பிற்பாடு எசேக்கியா ராஜா அந்த வெண்கலப் பாம்பை உடைத்துப்போட்ட கதையையும் சேர்த்துச் சொன்னால் பாடம் சரியாகும்; ஆனால் சொன்னவருக்கும் ஊருக்கும் பகையாகும். எதைச் சொல்வது, எதை அடுத்த வருஷத்துக்கு வைப்பது என்பது ஊர் தெரிந்தவனுக்கு மட்டும் வரும் விவேகம்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. அந்தக் கொள்ளிவாய்ச் சர்ப்பம் பாம்பே அல்ல, நரம்புச்சிலந்திதான்; கம்பத்தில் ஏற்றிய உருவம், குச்சியில் புழுவைச் சுற்றும் பழைய வைத்தியத்தின் நினைவு என்று கருதுகிற ஆராய்ச்சியாளர்கள் உண்டு. நிரூபிக்க முடியாத ஊகம். ஆனால் கொல்லிமலையில் குச்சியில் புழுவைச் சுற்றிக்கொண்டிருந்த பிராண்ட், அறிந்தோ அறியாமலோ அந்தப் பாடத்தின் உள்ளேயே உட்கார்ந்திருந்தார் என்று நினைத்துப் பார்க்க நன்றாக இருக்கிறது.

மலைக்கு வருவோம். இன்று காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறுகிறது. அன்று கால்நடைப் பாதைதான், வசதியுள்ளவருக்கு டோலி. ஆயிரம் மீட்டருக்கு மேலே தனி உலகம். வல்வில் ஓரி ஆண்டதாகச் சங்கப் பாட்டில் வரும் மலை, அறப்பளீசுவரர் இருக்கும் மலை. அதில் வாழ்பவர்கள் மலையாளிகள். கேரளத்தோடு சம்பந்தமில்லை, பேசுவது தமிழ். நாடு நாடாகப் பிரிந்து, நாட்டுக்கு நாடு பெரியதனக்காரர் வைத்துக் கட்டுப்பாட்டோடு வாழ்ந்தவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் கிளம்பி வந்து ஆளுக்கொரு மலையில் தங்கிய கதையைத் தங்கள் பூர்வீகமாகச் சொல்வார்கள். ஆபிரகாமும் லோத்தும் மந்தையைப் பிரித்துக்கொண்டு ஆளுக்கொரு திசை போன ஆதியாகமக் கதையைச் சொல்ல வந்தவருக்கு அங்கே காத்திருந்தது காலிப் பாத்திரமல்ல. அவர்களிடம் ஏற்கெனவே ஓர் ஆதியாகமம் இருந்தது.

கீழ்நாட்டார் அந்த மலைக்கு அஞ்சினார்கள். காரணம் மலேரியா. ராத்தங்கினால் காய்ச்சல், காய்ச்சல் வந்தால் சாவு என்ற நிலை. 1913-ல் சேந்தமங்கலத்தில் ஈவ்லின் ஹாரிஸைக் கல்யாணம் செய்துகொண்ட கையோடு பிராண்ட் மலையேறினார். ஈவ்லின் லண்டனில் வசதியான வீட்டில் பிறந்து ஓவியம் பயின்றவர். வாழவந்தி நாட்டில் பிராண்ட் தன் கையாலேயே மரவீடு கட்டினார். கறையான் ஏறாமலிருக்கத் தூண்களின்மேல் நின்ற வீடு. ஊர்ப் பெயரைப் பாருங்கள், வாழவந்தி! அது வேறு காரணத்தால் வந்த பெயராக இருக்கலாம். அந்த அம்மாளுக்கென்றே வைத்ததுபோல் அமைந்துவிட்டது.

இருவரும் ஊர் ஊராக நடந்தார்கள். பல் பிடுங்கினார்கள், புண் கட்டினார்கள், காய்ச்சலுக்குக் குயினைன் கொடுத்தார்கள். நரம்புச்சிலந்தி எங்கிருந்து வருகிறது என்பதைப் பிராண்ட் கவனித்திருந்தார். புண்ணுள்ள காலோடு ஒருவர் கிணற்றுப் படியிலிறங்கித் தண்ணீரில் நின்றால் புழு ஆயிரக்கணக்கில் குஞ்சுகளை அங்கே விடும். கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பூச்சிகள் அவற்றை விழுங்கும். அந்தத் தண்ணீரைக் குடிப்பவர் உடம்பில் அடுத்த வருஷம் புழு. ஆகவே யாரும் உள்ளே இறங்க முடியாதபடி சுற்றுச்சுவர் எழுப்பிக் கயிறும் வாளியுமாக இறைக்கிற கிணறு வேண்டும் என்றார். கட்டட வேலை தெரிந்தவராதலால் கட்டியும் காட்டினார். இந்தியாவில் கடைசி நரம்புச்சிலந்தி நோயாளி 1996-ல் கண்டறியப்பட்டார். 2000-ல் உலக சுகாதார நிறுவனம் நோய் ஒழிந்ததென்று சான்று தந்தது. அதைச் சாதித்த முறையில் முக்கியமான பகுதி இதேதான்: காலை வைக்காதே, வடிகட்டிக் குடி.

சரி, வேதபாடம்? அது பலிக்கவில்லை. ஆண்டுகள் போயின. வைத்தியத்துக்கு வந்தார்கள், கதை கேட்டார்கள், படம் பார்த்தார்கள், போனார்கள். ஊர்ப் பூசாரி எதிர்த்தார். அவர் சொல்லைத் தட்டி ஒருவரும் ஞானஸ்நானத்துக்கு வரவில்லை. பிறகு 1918-19 இன்புளுயென்சா வந்தது. உலகம் முழுக்க வாரிக்கொண்டு போன அந்தக் காய்ச்சல் மலையையும் விடவில்லை. பூசாரியும் மனைவியும் படுத்துவிட்டார்கள். அந்த வீட்டுக்குள் போய்க் கஞ்சி கொடுத்தவர்கள் பிராண்ட் தம்பதியர் மட்டுமே. சாகுமுன் பூசாரி தன் குழந்தைகளை அவர்களிடம் ஒப்படைத்தார். கைக்குழந்தையான மகள் மிஷன் வீட்டில் வளர்ந்தாள். அதன் பிறகே மலையில் சபை முளைத்தது.

மிஷன் நூல்கள் எல்லாவற்றிலும் இந்த நிகழ்ச்சி இருக்கிறது. வாய்ப்பேச்சால் ஆகாததை அன்பு சாதித்தது என்பது அவற்றின் சாரம். நான் அதை அப்படியே விழுங்கத் தயாராக இல்லை. அந்த அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கதை ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே சொல்லப்படுகிறது. பூசாரி வீட்டுக்கு ஊரார் போகாததைக் கல்நெஞ்சம் என்றே படிக்கச் செய்கிறார்கள். பெருவாரி நோய் கண்ட வீட்டை ஒதுக்கிவைப்பது மலைக்காரர்களின் பழைய தற்காப்பாகவும் இருந்திருக்கலாம் அல்லவா? 2020-ல் நாமும் தகரம் அடித்துத் தெருவை அடைத்தவர்கள்தானே. பிராண்ட் தம்பதியர் அந்தக் கட்டுப்பாட்டுக்கு வெளியே நின்றவர்கள், அதனால் உள்ளே போக முடிந்தது. அந்நியராக இருப்பதன் ஒரே வசதி அதுவாகத்தான் இருந்திருக்கும். பூசாரி செத்த பிறகு மக்கள் மனம் மாறியதில் அன்புக்கு எவ்வளவு பங்கு, தடுத்துநின்ற ஆள் போனதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல அந்த மலைக்காரர்கள் எழுதிவைத்த ஏடு நம்மிடம் இல்லை.

ஏடு இல்லாதவர்கள் இன்னொரு கூட்டமும் உண்டு. எந்த மிஷனானாலும் ஒரு வெள்ளைக்காரருக்குப் பின்னால் பல தமிழர்கள் நடந்தார்கள்: உபதேசியார்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள், வீட்டுக்குள் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்த பைபிள் உமன்கள். ஆண்டறிக்கையில் இவர்கள் எண்ணிக்கையாக வருவார்கள்: உபதேசியார் இத்தனை, ஸ்திரீகள் இத்தனை. துரை தமிழ் கற்றது முன்ஷியிடம். அது ஏட்டுத் தமிழ். பரீட்சை எழுதித் தேறிய அந்தத் தமிழை மலைப்பேச்சாகவும் சேலத்துப் பேச்சாகவும் மாற்றித் தந்தவர்கள் இவர்கள். துரை பேசி முடித்ததும் ஊரார் இவர்களைப் பார்த்து “அவர் என்னதான் சொல்றாருங்க?” என்று கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்விக்கு இவர்கள் சொன்ன பதில்தான் உண்மையான பாடம். அது எந்த ஏட்டிலும் இல்லை.

பாட்டும் அப்படியே. தமிழ்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் கும்மியும் கீர்த்தனையுமாகக் கட்டித்தந்த பிறகே வேதக்கதை தமிழ் வாயில் புரண்டது. அமெரிக்க மிஷனரி எட்வர்ட் வெப் 1853-ல் கிறிஸ்தவக் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார் என்றால், ஆங்கில ராகத்தில் மொழிபெயர்த்த ஞானப்பாட்டு மட்டும் ஊர்ப்புறத்தில் செல்லாது என்று கண்டுகொண்டதால்தான்.

ஜெஸ்ஸி பிராண்ட் 1929 ஜூனில் இறந்தார். மலேரியா முற்றிச் சிறுநீர் கறுத்துப்போகிற காய்ச்சல். வயது நாற்பத்து நான்கு. லண்டனில் படித்துக்கொண்டிருந்த மகன் பாலுக்குத் தந்தி முதலில் போய்விட்டது. அப்பா உயிரோடிருந்தபோது எழுதிய கடிதம் கப்பலில் ஏறிச் சாவகாசமாகப் பிறகு வந்தது. அந்த மகன்தான் 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்திக் காட்டிய டாக்டர் பால் பிராண்ட்.

ஈவ்லின் போகவில்லை. மிஷன் அவரைச் சமவெளிக்கு மாற்றியது. வயதானதும் ஓய்வு கொடுத்தது. ஓய்வு பெற்ற அம்மாள் எழுபதை நெருங்கும் வயதில் தன் சொந்தப் பொறுப்பில் மறுபடியும் கொல்லிமலை ஏறிவிட்டார். பச்சைமலை, கல்வராயன் என்று கணவர் போக நினைத்த மலைகளுக்கெல்லாம் மட்டக்குதிரையில் போனார். விழுந்து இடுப்பு முறிந்த பிறகு இரண்டு மூங்கில் கம்பை ஊன்றி நடந்தார். வீட்டில் கண்ணாடி வைத்துக்கொள்ளவில்லை என்று மகன் எழுதியிருக்கிறார். 1974 டிசம்பரில் தொண்ணூற்றைந்து வயதில் காலமானார். வாழவந்தியில் கணவர் பக்கத்திலேயே அடக்கம். இந்தியாவுக்கு வந்து அறுபது ஆண்டுக்கு மேல். அந்த அறுபதில் அவர் பேசிய தமிழுக்கு முன்ஷி வாசனை போயிருக்கும் என்பது நிச்சயம்.

இப்போது பாடம் சொல்ல வருபவர்கள் இரண்டு வாரத்துக்கு வருகிறார்கள். இந்தக் ‘குறுகிய கால மிஷன்’ வழக்கம் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அமெரிக்காவில் பெருகியது. 1957-ல் ஜார்ஜ் வெர்வர் தொடங்கிய ஆபரேஷன் மொபிலைசேஷனும், 1960-ல் லோரன் கன்னிங்காம் தொடங்கிய யூத் வித் எ மிஷனும் கல்லூரிப் பிள்ளைகளை விடுமுறையில் தேசம் தேசமாக அனுப்பின. விமானம் மலிவானதும் சாதாரணச் சபைகளும் ஆள் அனுப்பத் தொடங்கின. சட்டப்படி இந்தியாவில் அது எளிதல்ல. சுற்றுலா விசாவில் வந்து மதபோதனை செய்ய இடமில்லை, அதற்குத் தனி மிஷனரி விசா உண்டு. அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. பரப்புவதில் மாற்றுவது அடங்காது என்று 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அரசு உதவி பெறும் பள்ளியில் சம்மதமில்லாத பிள்ளையை வேதபாட வகுப்பில் உட்காரவைக்கக் கூடாது என்கிறது 28-வது பிரிவு. அதனால்தான் கிறிஸ்தவப் பள்ளிகளில் ஒரு பிரிவு வேதபாடத்துக்குப் போகும் நேரத்தில் மற்ற பிரிவுக்கு நன்னெறி வகுப்பு நடக்கும்.

சட்டம் இருக்கட்டும். வகுப்பறையைப் பார்ப்போம். மே மாதம் வந்தால் சமவெளிச் சபைகளில் வி.பி.எஸ். களைகட்டும், விடுமுறை வேதாகமப் பள்ளி என்று முழுப்பெயரை யாரும் சொல்வதில்லை. இதுவும் கடல் தாண்டி வந்ததே. 1898-ல் நியூயார்க்கில் ஹாஸ் என்ற அம்மாள், கோடையில் தெருவில் திரிந்த பிள்ளைகளுக்காகச் சாராயக் கடைக் கூடம் ஒன்றை வாடகைக்கு எடுத்து நடத்தியதும், 1901-ல் ராபர்ட் போவில் அதைப் பெரிதாக்கியதும் இதன் பூர்வீகம். இங்கே அது முற்றிலும் நம்மூர் விழாவாகிவிட்டது. ஷாமியானா, கையாட்டிப் பாடும் பாட்டு, மனப்பாட வசனம், பத்தரைக்கு பிஸ்கட்டும் ரஸ்னாவும், கடைசி நாள் நாடகம், பரிசுக்கு எவர்சில்வர் டம்ளர். டம்ளருக்காக மட்டுமே வசனம் ஒப்பித்த இந்துப் பிள்ளைகள் ஊருக்கு ஊர் உண்டு. ஒப்பித்ததை நாற்பது வயதிலும் மறக்காமல் சொல்வார்கள், கோயிலுக்கும் போவார்கள். மனப்பாடம் வேறு, மனமாற்றம் வேறு என்பதைப் பிள்ளைகள் தெளிவாக வைத்திருக்கிறார்கள். பெரியவர்கள்தான் குழப்பிக்கொள்கிறார்கள்.

அந்த மாதிரிக் கூட்டத்தில் வெளிநாட்டுப் போதகர் ஒருவர் பேச நின்றால் எதைக் கவனிக்க வேண்டும்? அவரை அல்ல, பக்கத்தில் இன்னொரு மைக்கோடு நிற்கும் மொழிபெயர்ப்பாளரை. போதகர் பேஸ்பால் உதாரணம் சொன்னால் அது இவர் வாயில் கிரிக்கெட் ஆகும். போதகர் ஒரு வரி சொல்ல, இவர் மூன்று வரி சொல்வார். போதகரின் நகைச்சுவை எடுபடாதென்று தெரிந்தால் தன் சொந்தத்தில் ஒன்றைச் சொல்லிச் சிரிக்கவைப்பார். போதகர் தன் ஜோக் பலித்ததென்று மகிழ்வார். ஊருக்குப் பொருந்தாத வார்த்தை வந்தால் மெல்ல விழுங்கிவிடுவார். நாகக்கல் உள்ள ஊரில் பாம்புக் கதையை எப்படித் திருப்புவது என்று அவருக்குத் தெரியும். பழைய உபதேசியார்தான் இவர், சட்டையை இன் செய்துகொண்டு நிற்கிறார். கூட்டம் முடிந்து எடுக்கும் படத்தில் ஓரமாக நிற்பார். பாதி நேரம் படத்தை எடுப்பவரும் அவரே.

தமிழர்கள் பாடம் சொல்லப் போகும்போதும் இதே கதைதான். 1903-ல் திருநெல்வேலியில் அசரியா முதலியவர்கள் தொடங்கிய இந்தியன் மிஷனரி சொசைட்டி தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்பியது. பிற்பாடு தமிழ்நாட்டில் எழுந்த நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு வடநாட்டுப் பழங்குடிகளிடம், ஜார்க்கண்டின் மால்தோக்களிடமெல்லாம் போனது. நாகர்கோவில் பக்கத்து இளைஞர் அங்கே போய் இறங்கினால், அந்த ஊர்க்காரர்களுக்கு அவரும் ஒரு துரைதான். அவர் பக்கத்தில் நிற்கும் மால்தோ இளைஞன் பெயரும் நம் ஜெபக்கூட்டத் துண்டுப்பிரசுரத்தில் வருவதில்லை.

வாழவந்தியில் நடந்த ஒரு பாடத்தைப் பால் பிராண்ட் 1985-ல் எழுதினார். அவர் ஊர்ப்பையன்களோடு மலைத் தமிழ் பேசித் திரிந்த சிறு வயது. மலைச்சரிவில் படிப்படியாக வரப்புக் கட்டி நெல் நட்டிருந்தார்கள். மேல்வயலில் வழியும் தண்ணீர் வரப்பின் வாய்மடை தாண்டி அடுத்த வயலுக்கு இறங்கும். பையன்கள் தவளை பிடிக்க வயலுக்குள் இறங்கிச் சேற்றைக் கலக்கிவிட்டார்கள். மடைகளைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் வந்தார். பையன்கள் அடி விழும் என்று நின்றார்கள். அவர் அடிக்கவில்லை. குனிந்து ஒரு கை சேற்றை அள்ளிக் காட்டினார். இந்தச் சேற்றில்தான் வருஷா வருஷம் நெல் விளைகிறது, என் பாட்டன் காலத்திலும் விளைந்தது, உங்கள் பேரன் காலத்திலும் விளையும் என்றார். பிறகு வாய்மடையைக் காட்டினார். தெளிந்த தண்ணீர் போனால் கவலையில்லை. கலங்கிய தண்ணீர் போனால் வயல் போகிறது என்று அர்த்தம். கீழே போன சேறு மலையேறித் திரும்பி வராது.

பல பத்தாண்டு கழித்து அவர் மறுபடி வந்து பார்த்தபோது காடழிந்து, மண் அரித்துப் பாறை தெரிந்த சரிவுகளைக் கண்டார். அமெரிக்கக் கிறிஸ்தவ வாசகர்களுக்கு அதை ஒரு பாடமாகச் சொல்ல உட்கார்ந்து, ‘ஒரு கைப்பிடிச் சேறு’ என்று தலைப்பு வைத்தார். பாடம் இம்முறை கொல்லிமலையிலிருந்து கிளம்பிக் கடல் கடந்து போயிற்று. கிழவரின் சொந்தப் பெயர் அதிலும் இல்லை. பையன்கள் எப்படிக் கூப்பிட்டார்களோ அப்படியே, ஆங்கிலத்தில் எழுதும்போதும் மொழிபெயர்க்காமல், ‘தாத்தா’ என்றே எழுதினார்.